நில எடுப்பு அறிவிக்கையும் உரிமையாளர் எதிர்வினையும்: சென்னை–சேலம் எட்டுவழிச்சாலையை முன்வைத்து

முன்னுரை

குடியிருக்கும் வீட்டையோ உழும் நிலத்தையோ அரசுத் திட்டமொன்று கோரும்போது, உரிமையாளரின் எதிர்வினை அவரது விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. சட்டம் எந்தக் கட்டத்தில், எதைக் குறித்து அவரைப் பேச விடுகிறது என்பதும் அதன் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. 2018இல் நில எடுப்பு தொடங்கப்பட்ட சென்னை–சேலம் எட்டுவழிச்சாலைத் திட்டத்தின்வழி இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

திட்டமும் மாற்றுவழி வாதமும்

சேலத்திலிருந்து சென்னை செல்ல ஏற்கெனவே இரு நெடுஞ்சாலைகள் உள்ளன. ஒன்று கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகவும் மற்றொன்று ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்ப்பேட்டை வழியாகவும் செல்கின்றன. இவ்விரண்டிற்கும் இடையே, அரூர், செங்கம் பகுதிகளின் ஊடாக, சுமார் 277 கி.மீ. நீளத்தில் புதிய தடம் பாரத்மாலா திட்டத்தின்கீழ் வகுக்கப்பட்டது. மதிப்பீடு ஏறத்தாழ ரூ.10,000 கோடி. இருக்கும் சாலைகளை விரிவாக்கினாலே போதும் என்பது எதிர்ப்பாளர்களின் முதன்மை வாதங்களுள் ஒன்று. தம் நிலத்தைக் காக்க எழுந்த குரல் இவ்வாறு திட்டத்தின் தேவையையே வினவும் பொதுநல வாதமாக விரிந்தது.

ஆட்சேபத்தின் எல்லை

2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டை வலியுறுத்துகிறது. ஆனால் அதன் நான்காம் அட்டவணையில் இடம்பெற்றுள்ள தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956, அந்நடைமுறைக்கு உட்படுவதில்லை. இச்சட்டத்தின் 3ஏ பிரிவு அறிவிக்கை வெளியான 21 நாள்களுக்குள், 3சி பிரிவின்படி எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதன்மீது உரிய அலுவலர் பிறப்பிக்கும் ஆணை இறுதியானது. 3டி பிரிவு அறிவிப்புக்குப் பின் நிலம் மத்திய அரசைச் சேரும். ஆகவே தடம் முடிவான பின்னரே உரிமையாளரின் கருத்து கேட்கப்படுகிறது.

களமும் நீதிமன்றமும்

இக்குறுகிய வாய்ப்புக்கு வெளியே, அளவைப் பணிகளைத் தடுத்தல், கறுப்புக்கொடி ஏற்றுதல் முதலிய வடிவங்களில் எதிர்ப்பு வெளிப்பட்டது. நில உரிமையாளர்களும் பூவுலகின் நண்பர்கள் உள்ளிட்ட அமைப்புகளும் நீதிமன்றத்தை நாடினர். சென்னை உயர்நீதிமன்றம் 8.4.2019 அன்று 3ஏ அறிவிக்கைகளை ரத்து செய்தது. முன்கூட்டிய சுற்றுச்சூழல் அனுமதி தேவை எனவும் கருதியது. உச்சநீதிமன்றம் 8.12.2020 அன்று அறிவிக்கைகளைச் செல்லத்தக்கவை என அறிவித்தது. அவ்வனுமதி பணி தொடங்குவதற்கு முன் பெறப்பட்டால் போதும் என விளக்கியது. எனினும் நிலம் அரசைச் சேருமுன்பே வருவாய் ஆவணங்களில் செய்யப்பட்ட பெயர் மாற்றங்களை அது ஏற்கவில்லை. உரிமையாளர்களுக்கு எஞ்சிய பயன் இதுவே.

ஆவணமற்றோர் நிலை

மேற்கண்ட வாய்ப்புகள் அனைத்தும் நடைமுறையில் பட்டா முதலிய ஆவணங்களைச் சார்ந்தவை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலை 1970களின் நடுப்பகுதிவரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. அங்குப் பட்டாவின்றி வன நிலத்தில் பயிரிடும் மலையாளிப் பழங்குடியினருக்கு இத்தகைய சூழலில் வன உரிமைச் சட்டம், 2006 அரணாகிறது. உரிமைகளைச் சரிபார்த்து அங்கீகரிக்கும் பணி முடியும்வரை வெளியேற்றக்கூடாது என்கிறது அதன் 4(5) பிரிவு. கிராம சபையே உரிமைக் கோரலின் தொடக்கக் களம்.

முடிவுரை

எதிர்ப்பு வீதிக்கும் நீதிமன்றத்திற்கும் செல்வதற்கு, தடம் வகுக்கும் கட்டத்தில் உரிமையாளருக்கு இடமின்மை முக்கியக் காரணம். இழப்பீட்டுத் தொகையை உயர்த்துவது இக்குறையை நீக்காது. கருத்துக் கேட்பை முன்கூட்டி நடத்துவதே நீக்கும்.