ஊர் குளிர்ந்தால் போதுமா? சூரை மீனுக்கு ஐஸ் வேண்டும்!

கேத்தி,

"ஊரே ஐஸ் பெட்டி மாதிரி இருக்கு, மீனுக்குத் தனியா ஐஸ் எதுக்கு?" என்று நினைப்பவரா நீங்கள்? சூரை மீன் விஷயத்தில் இந்த நினைப்பு ஆளையே சாய்த்து விடும். உஷார்!

வஞ்சிரம் வாங்கக் கட்டுப்படி ஆகாத வீடுகளுக்கு சூரை நல்ல சரக்கு. குமரி மாவட்டத்தில் கேரை என்பதும் இந்த இனம்தான். மாசிக் கருவாடு ஆவதும் இதுதான். 100 கிராம் சதையில் 20 கிராமுக்கு மேல் புரதம். கொழுப்போ கொஞ்சம். இதயத்துக்கு நல்லதான ஒமேகா-3 சத்தும் உண்டு.

வழியில் வரும் வினை

6,500 அடிக்கு மேல் இருக்கிற கேத்திக்குக் கடல் மீன் சும்மா வந்துவிடாது. மேட்டுப்பாளையம் வழியோ, கூடலூர் வழியோ, கீழே வெயிலில் வெந்துதான் மலை ஏற வேண்டும். ஐஸ் குறைந்தால், சூரையின் சதையில் கிருமிகள் பெருகி 'ஹிஸ்டமின்' என்ற நஞ்சை உண்டாக்கும். இதைத் தடுக்க 4 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும். கேத்தியின் பகல் குளிர் அதற்குப் பத்தாது!

கொதித்தாலும் போகாது

புளி ஊற்றிக் கொதிக்க வைத்தாலும், எண்ணெயில் பொரித்தாலும் இந்த நஞ்சு அழியாது. நாற்றமும் காட்டிக் கொடுக்காது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பு தடிக்கும், நெஞ்சு படபடக்கும். வாயில் மிளகு கடித்த மாதிரி காரம் தெரிந்தால், அப்படியே துப்பிவிட வேண்டும். டாக்டரிடம் ஓடும்போது, "சூரை மீன் சாப்பிட்டேன்" என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

எப்படி வாங்குவது?

மேலும் கீழும் ஐஸ் போட்ட மீனையே வாங்குங்கள். முழு மீன் என்றால் கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருக்கணும். துண்டு என்றால் சதை கெட்டியாக இருக்கணும். வாங்கியதும் ஊர் சுற்றாமல் வீட்டுக்குப் போய், உடனே சமையுங்கள். மிச்சத்தை அடுப்பு மேடையில் விடாமல் குளிர்பெட்டியில் வையுங்கள்.

இந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எனவே குழம்பு கூடக் கொஞ்ச நேரம் கொதிக்கட்டும். வேகவைத்து, முள் நீக்கி, வெங்காயம், மிளகு போட்டுப் புட்டாகக் கிளறினால் பிள்ளைகளும் விரும்பிச் சாப்பிடும்.

பெரிய சூரைகளில் பாதரசம் சேரும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அளவோடு சாப்பிடுவது நல்லது.

கடைக்காரரிடம் விலையைக் கேட்கும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "ஐஸ் எங்கே?"