காகிதக் கூழும் அடைபடாத சல்லடையும்

வீடு கட்டுகிற இடத்தில் மணல் சலிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கம்பி வலை அடித்த சட்டத்தை முட்டுக் கொடுத்துச் சாய்வாக நிறுத்தி, மண்வெட்டியால் மணலை அள்ளி அதன்மேல் வீசுவார்கள். மணல் பின்பக்கம் விழும், கல்லும் கிளிஞ்சலும் முன்பக்கமாகச் சரிந்து வரும். சட்டத்தைப் படுக்கப் போட்டும் சலிக்கலாமே, ஏன் சாய்க்கிறார்கள்? படுக்கப் போட்டால் பத்து வீச்சில் கண் அடைத்துக்கொள்ளும். ஒரு ஆள் நின்று ஆட்டிக்கொண்டே இருக்கணும். சாய்த்து வைத்தால் உள்ளே போக முடியாதது தானாக நகர்ந்து அடுத்ததற்கு வழிவிடும்.

காகித ஆலையில் கூழைச் சலிக்கும் இயந்திரங்களின் ஏறக்குறைய 200 வருட வரலாற்றைப் படித்தபோது எனக்குத் திரும்பத் திரும்ப இந்தச் சட்டம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அந்த 200 வருடத்தில் ஓட்டையின் அளவு நாம் நினைக்கிற அளவுக்குச் சிறுக்கவில்லை. ஓட்டையை அடைபடாமல் வைத்துக்கொள்வது எப்படி என்பதில்தான் பெரும்பாலான மூளை செலவாகியிருக்கிறது.

முதலில், கூழை ஏன் சலிக்கணும்?

எங்கள் பனமலைப் பக்கத்தில் முண்டியம்பாக்கம், பெரியசெவலை என்று சர்க்கரை ஆலைகள் இருப்பதால் கரும்புச் சக்கை யாருக்கும் புதிதல்ல. இந்தச் சக்கையிலிருந்து காகிதம் செய்யலாம் என்பதைப் பெரிய அளவில் செய்து காட்டியது கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கும் டிஎன்பிஎல். 1979இல் தமிழக அரசு தொடங்கியது, 1984இல் உற்பத்தி ஆரம்பம். ஆண்டுக்கு 90,000 டன் என்று தொடங்கிய ஆலை அது. சர்க்கரை ஆலைகள் வழக்கமாகச் சக்கையைத் தங்கள் பாய்லரிலேயே எரித்துவிடும். அதை வாங்கணும் என்றால் பதிலுக்கு எரிபொருளோ நீராவியோ கொடுக்கணும். டிஎன்பிஎல் அப்படித்தான் வாங்கியது. பண்டமாற்றுதான், பெரிய அளவில்.

சக்கையைக் கையில் வைத்துக் கசக்கிப் பாருங்கள். வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒரு தூள் உதிரும். ஆலைக்காரர்கள் அதை ‘பித்’ என்பார்கள். உலர்ந்த சக்கையின் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் இதுதான். இதில் காகிதத்துக்கு ஆகிற நார் கிடையாது. தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு வடிய விடாது. இதைக் கூழான பிறகு சலித்து எடுக்க முடியாது, ஏனென்றால் அது நாரைவிடச் சிறியது, எந்தச் சல்லடையிலும் நாரோடு சேர்ந்து போய்விடும். அதனால் வேகவைப்பதற்கு முன்பே, ஓட்டை போட்ட தகடு சூழ்ந்த கூண்டுக்குள் சுத்தியல்கள் சுழலும் இயந்திரத்தில் அடித்து உதிர்த்து, தகட்டின் வழியாக வெளியே தள்ளிவிடுகிறார்கள். அது பாய்லருக்குப் போகும்.

மிச்சத்தை ரசாயனத்தில் வேகவைத்தால் கூழ். ஆனால் எல்லாம் ஒரே சீராக வேகாது. கரும்பின் கணுப் பகுதி கெட்டியானது. அங்கிருந்து வருகிற நார்கள் பிரியாமல் கட்டாகவே நிற்கும். இதைச் சிராய் என்று சொல்லலாம். ஒரு சிராய் தாளுக்குள் போனால் எழுதும்போது பேனா முனை இடறும், அச்சில் மை பிடிக்காது, சில சமயம் ஓடிக்கொண்டிருக்கிற ஈரத் தாளே அந்த இடத்தில் அறுந்துவிடும். ஒருமுறை அறுந்தால் இயந்திரத்தில் தாளை மறுபடி கோத்துவிடும்வரை உற்பத்தி இல்லை. சலிப்பது சிராய்க்காகத்தான்.

இப்போது அளவுகளைக் கொஞ்சம் பார்க்கணும். சக்கை நாரின் நீளம் சராசரியாக 1 முதல் 1.5 மி.மீ. தடிமன் சுமார் 0.02 மி.மீ., தலைமுடியில் நாலில் ஒரு பங்கு. வட்ட ஓட்டை போட்ட சல்லடையை வைத்தால் என்ன ஆகும்? ஓட்டை சிறிதாக இருந்தால் நீளமான நல்ல நார் நின்றுவிடும், பெரிதாக இருந்தால் சிராயும் சேர்ந்து போகும். கோதுமை மாவுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, மாவுத்துகளுக்கு நீளம் அகலம் என்று பெரிய வித்தியாசம் கிடையாது. நாருக்கு இருக்கிறது.

இதற்கு நேரடியான பதிலை 1830இல் இங்கிலாந்தில் போயல் என்ற ஊரின் ரிச்சர்ட் இபட்சன் கொடுத்தார். கந்தல் துணியிலிருந்து காகிதம் செய்த காலம். அவர் வலையை விட்டுவிட்டு, வெண்கல வகை உலோகத்தில் செய்த கம்பிகளை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக ஒரு பெட்டியில் அடுக்கினார். கம்பிகளுக்கு நடுவே நீளமான, குறுகிய பிளவு. அகலம் ஒரு அங்குலத்தில் 70இல் ஒரு பங்கு முதல் 100இல் ஒரு பங்கு வரை. நம் கணக்கில் 0.36 முதல் 0.25 மி.மீ. நார் நீளவாக்கில் திரும்பி நழுவிவிடும், கட்டி நின்றுவிடும். பெட்டியைத் தானியம் சலிப்பது போல மேலும் கீழும், பக்கவாட்டிலும் வேகமாகக் குலுக்கிக்கொண்டே இருக்க ஓர் ஏற்பாடு.

இன்றைக்கு நல்ல ஆலைகளில் இருக்கும் பிளவின் அகலம் 0.15 முதல் 0.25 மி.மீ. 1830இலேயே 0.25! இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்படியானால் நடுவில் இத்தனை வருஷம் என்னதான் செய்தார்கள்?

அடைப்போடு சண்டை போட்டார்கள். குலுக்குகிற தட்டுச் சல்லடைக்கு இரண்டு தொல்லை. ஒன்று, சத்தம். இரண்டாவது, திறந்த தொட்டி. நுரை கட்டும், வழவழவென்று பாசி மாதிரி சேரும், அது பெயர்ந்து தாளில் போய் விழும். உற்பத்தியைக் கூட்டணும் என்றால் தட்டுகளை வரிசையாகப் போட்டுக்கொண்டே போகணும், இடம் அடைக்கும். டீ வடிகட்டி அடைத்தால் தட்டுகிறோமே, அதே வித்தைதான். ஆனால் நாளைக்கு நூற்றுக்கணக்கான டன்னுக்குத் தட்டிக்கொண்டிருக்க முடியாது.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு அழுத்த ஸ்கிரீன்கள் பரவின. மூடிய இரும்புக் கலம், உள்ளே பிளவுகள் கொண்ட ஓர் உருளை, உருளைக்கு உள்ளே சுழலும் ரோட்டர். கூழ் பம்ப் அழுத்தத்தில் ஒரு பக்கம் நுழையும். 100 லிட்டரில் 1 முதல் 3 கிலோ நார்தான் இருக்கும், மற்றதெல்லாம் தண்ணீர். பிளவு வழியாகப் போனது நல்ல கூழ். போகாதது உருளையோரமாகவே நகர்ந்து இன்னொரு வழியில் வெளியேறும். சாய்த்த மணல் சட்டத்தின் வேலையை இங்கே நீரோட்டம் செய்கிறது.

ரோட்டரில் விமான இறக்கை வடிவத்தில் தகடுகள் இருக்கும். அது உருளைச் சுவரை ஒட்டினாற்போல ஓடும்போது அதன் முன்முனை கூழைப் பிளவுக்குள் அழுத்தும், கடந்து போனதும் பின்னால் ஒரு வெற்றிடம் மாதிரி இழுவை உண்டாகும். அந்த ஒரு நொடித் துணுக்கில் நல்ல கூழ் கொஞ்சம் பின்னோக்கி வந்து, பிளவின் வாயில் சிக்கியிருக்கிற நாரைக் கழுவித் தள்ளிவிடும். நிமிடத்துக்கு 600 சுற்று, நாலு இறக்கை என்றால் நொடிக்கு 40 முறை இது நடக்கும். குலுக்குகிற வேலையைச் சல்லடையிடமிருந்து எடுத்துத் தண்ணீரிடம் கொடுத்துவிட்டார்கள். இந்தத் துறையின் மிகப் பெரிய யோசனை இதுதான் என்பது என் கணிப்பு.

அடுத்த பெரிய மாற்றம் 1980களில் வந்தது, உருளையின் மேற்பரப்பில். அதுவரை வழுவழுப்பான தகட்டில் பிளவு வெட்டியிருப்பார்கள். வேகமாக ஓடுகிற கூழ் திடீரென்று 90 டிகிரி திரும்பிப் பிளவுக்குள் நுழைய வேண்டும். அந்த முனையில் நீர் சுழித்துக்கொண்டு நிற்கும், அந்தச் சுழி பிளவில் பாதியை அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு பிளவின் முகப்பையும் சின்னப் படி போல, ரம்பப் பல் போலச் செதுக்கியபோது சுழி இடம் மாறியது, நார்க் கொத்துகள் வாசலிலேயே கலைந்தன, பிளவு முழு அகலத்துக்கும் வேலை செய்ய ஆரம்பித்தது. பிளவைச் சுருக்கினாலும் கூழின் அளவு குறையவில்லை. செதுக்கிய படியின் உயரம் 1 மி.மீ.யைச் சுற்றித்தான் இருக்கும்.

பிறகு வந்தது ஆப்புக்கம்பி உருளை. ஆப்பு வடிவக் கம்பிகளை வரிசையாக நிறுத்தி, கம்பிகளின் இடைவெளியையே பிளவாக்குவது. வாய் குறுகல், உள்ளே போகப் போக அகலம். வாயைத் தாண்டினது உள்ளே மாட்டவே மாட்டாது. தகட்டில் வெட்டுவதைவிடத் திறப்புப் பரப்பும் அதிகம். இபட்சன் பெட்டிக்குள் அடுக்கிய கம்பிகள்தான், உருளையாக வளைந்து திரும்பி வந்திருக்கின்றன.

சரி, நம் தொழில் பக்கம் வருகிறேன். ஸ்பாம் ஃபில்டர் எழுதியவர்களுக்குத் தெரியும், குப்பையைப் பிடிக்கிறது பெரிய விஷயமில்லை, நல்ல கடிதத்தைக் குப்பையில் போடாமல் இருப்பதுதான் பாடு. கூழிலும் அதேதான். 1980களின் இறுதியில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கூடிங், கெரெக்ஸ் ஆகியோர் இதற்கு ஓர் எளிய கணக்கு கொடுத்தார்கள். பிளவு வழியாகப் போகும் நீரில் நாரின் செறிவு, பிளவுக்கு முன்னால் இருக்கும் செறிவில் எத்தனை பங்கு? இதுதான் கடக்கும் விகிதம். 1 என்றால் நார் தண்ணீரோடு தடையின்றிப் போகிறது, 0 என்றால் போகவே இல்லை. ஒதுக்கப்படும் கரைசலின் பங்கை இந்த விகிதத்தின் அடுக்குக்கு உயர்த்தினால், ஒதுக்கப்படும் நாரின் பங்கு கிடைக்கும்.

எண் போட்டுப் பார்ப்போம் (எண்கள் நான் வைத்துக்கொண்டவை). கரைசலில் 20 சதவீதத்தை ஒதுக்குகிறோம். நாருக்கு விகிதம் 0.8, சிராய்க்கு 0.1. அப்படியானால் 0.2இன் 0.8 அடுக்கு, அதாவது 27.6 சதவீத நல்ல நார் குப்பைப் பக்கம் போகிறது. சிராயில் 85 சதவீதம் போகிறது. 85 நல்ல மதிப்பெண்தான், ஆனால் கால்பங்குக்கும் மேல் நல்ல நாரைத் தூக்கிப் போட எந்த முதலாளி சம்மதிப்பார்?

அதனால்தான் ஸ்கிரீன்களை மூன்று கட்டமாகப் போடுகிறார்கள். முதலாவது ஒதுக்கியதைத் தண்ணீர் சேர்த்து இரண்டாவதுக்கும், அது ஒதுக்கியதை மூன்றாவதுக்கும் அனுப்பி, தேறிய நாரை ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய கட்டத்தின் வாசலுக்கே திருப்பிவிடுவது. பத்து வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி இதே எண்களை ஓட்டினேன். கடைசியில் வெளியே போகும் நல்ல நார் 3.5 சதவீதம், சிராய் 83 சதவீதம். நார் இழப்பு 27இலிருந்து 3.5க்கு இறங்குகிறது, சிராய் பிடிப்பு 2 புள்ளிதான் குறைகிறது. மூன்று சுமாரான சல்லடைகளைச் சரியாகக் கோத்தால் ஒரு அருமையான சல்லடை கிடைத்துவிடுகிறது.

இதற்கு விலை மின்சாரம். ரோட்டர் இழுக்கும் சக்தி அதன் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப உயரும். 60 செ.மீ. விட்ட உருளையில் 600 சுற்று என்றால் இறக்கையின் வேகம் நொடிக்கு கிட்டத்தட்ட 19 மீட்டர். அதை 15 ஆக்கினால் சக்தி பாதியாகிவிடும். வேகத்தைக் குறைத்தால் இழுவை குறையும், பிளவு அடைக்கும். எனவே குறைந்த வேகத்திலும் போதுமான இழுவை தரும் இறக்கை வடிவத்தைத் தேடுவதுதான் கடந்த சில பத்தாண்டுகளின் வேலை. இறக்கை கொஞ்சம் நீளமாக, கோணம் கொஞ்சம் மாறி, சுவருக்கு இடைவெளி கொஞ்சம் கூடி அல்லது குறைந்து... வெளியிலிருந்து பார்க்கிறவருக்குப் பழைய ரோட்டரும் புதியதும் ஒரே மாதிரிதான் தெரியும், மின்கட்டணத்தில்தான் தெரியும்.

சக்கைக் கூழுக்கு இன்னொரு எதிரி மணல். வயலிலிருந்து கரும்போடு வந்த மண்ணும், புல் இனத்துக்கே உரிய சிலிக்காவும் சேர்ந்து உருளையை அரம் மாதிரி தேய்க்கும். குரோம் பூச்சு கொடுத்தாலும் நாளடைவில் அந்தச் சின்னப் படியின் முனை மழுங்கும். பிளவு விரிவதற்கு முன்பே, படி மழுங்கியதுமே அடைப்பு ஆரம்பமாகும். ஆப்பரேட்டர் பார்ப்பது உருளைக்கு இரு பக்கமும் உள்ள அழுத்த வித்தியாசத்தை. அது ஏறினால் கை தன்னிச்சையாக ரோட்டர் வேகத்தைக் கூட்டும். தேய்ந்த உருளையின் செலவு இப்படி மின்சாரக் கணக்கில் போய் ஒளிந்துகொள்ளும்.

பழைய காகிதத்தைக் கரைத்துச் செய்யும் கூழில் சிக்கல் வேறு விதம். டிஎன்பிஎல்லிலும் நாளுக்கு 300 டன் மை நீக்கும் பிரிவு இருக்கிறது. அங்கே வருவது நம் பிள்ளைகளின் நோட்டு முதுகில் இருக்கும் பசை, கவரின் ஒட்டு. சிராய் விறைப்பானது, பிளவில் நிற்கும். பசை ரப்பர் மாதிரி. அழுத்தம் கூடினால் நசுங்கி, நீண்டு, 0.15 மி.மீ. பிளவிலும் நழுவிவிடும். இங்கே பிளவைச் சுருக்குவது மட்டும் உதவாது, கூழ் பிளவைக் கடக்கும் வேகத்தைக் குறைக்கணும். வேகம் குறைந்தால் அதே கூழுக்கு அதிக உருளை வேணும். பசை பொடிப்பொடியாக உடைவதற்கு முன்பே, கரைத்த கையோடு பிடித்துவிடுவதும் முக்கியம்.

மறுபடி அந்த 3.5 சதவீதத்துக்கு வருகிறேன். நாளுக்கு 300 டன் கூழ் ஓடும் ஒரு வரிசையில் அது 10.5 டன் நார். உருளையையும் ரோட்டரையும் மாற்றி இதை 2 சதவீதமாக்க முடிந்தால் மிச்சம் 4.5 டன், தினமும். அந்த நார் எந்தச் சக்கையிலிருந்து வந்ததோ அதற்குப் பதிலாக ஏற்கெனவே எரிபொருள் கொடுத்தாகிவிட்டது, பித் நீக்கி, வேகவைத்து, கழுவியும் ஆகிவிட்டது. தேறாமல் கடைசியில் ஒதுங்குவதில் ஒரு பகுதி கரடுமுரடான அட்டை செய்கிறவர்களிடம் போகிறது.