வில்லியனூரும் பாகூரும்: நம் மண் சுமந்த மரபு

உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்து வில்லியனூர் மாதா திருவிழாவுக்குத் திருயாத்திரை செல்லாத பங்குக் குடும்பங்கள் நம் பகுதியில் சிலவே. ஆயினும் அத்திருத்தலத்தையும் அதன் தெற்கே பரந்து கிடக்கும் பாகூர் வயல்வெளியையும் தாங்கி நிற்கும் மண்ணின் வரலாற்றை அறிந்தவர் நம்முள் எத்தனை பேர்? புதுவைக் கடற்கரையையும் பிரெஞ்சுத் தெருக்களையும் விருந்தினருக்குக் காட்டும் நாம், நம் வாசலில் உள்ள இச்செல்வங்களைக் காணாது கடந்து போகிறோம். ஆதலின் அவற்றுள் சிலவற்றை இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

மாதாவின் திருத்தலம்

பிரான்சு நாட்டு லூர்து நகரில் ஏழைச் சிறுமி பெர்னதெத்துக்குத் தேவமாதா காட்சியளித்தது 1858-ஆம் ஆண்டு. அதற்குப் பத்தொன்பதே ஆண்டுகளில், 1877-இல், வில்லியனூரில் லூர்து அன்னையின் திருவுருவம் நிறுவப்பெற்றது. பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள் இங்கே உழைத்த காலம் அது. ஆலயத்தின் முன்னுள்ள திருக்குளம் இத்தலத்தின் தனிச்சிறப்பு. கத்தோலிக்கர் மட்டுமன்றிப் பிற சமயத்தாரும் அன்னையை நாடி வருவதைத் திருவிழா நாள்களில் காண்கிறோம்.

1879-இல் விழுப்புரம் புதுவை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அது வில்லியனூர் வழியாகவே செல்கிறது. தொலைவூர்த் திருப்பயணிகளுக்கு அது பெரும் வாய்ப்பாயிற்று.

ஆளுநர் வடம் பிடிக்கும் தேர்

வில்வமரங்கள் நிறைந்த வில்வநல்லூரே மருவி வில்லியனூர் ஆயிற்று என்பர். இவ்வூரின் நடுவே திருக்காமீசுவரர் கோயில் உயர்ந்து நிற்கிறது. அதன் தேர்த்திருவிழாவில் பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்துத் தேரைத் தொடங்கி வைப்பது வழக்கமாக இருந்தது. ஆட்சி மாறிய பின்னும் துணைநிலை ஆளுநர் வந்து அம்மரபைக் காத்து வருகின்றனர். அருகே சுல்தான்பேட்டையில் இஸ்லாமியச் சகோதரர் வாழ்கின்றனர். மூன்று சமயத்தாரும் ஒரே சந்தையில் பொருள் வாங்கி, ஒருவர் துயரில் மற்றவர் தோள் கொடுத்து வாழ்ந்து வந்த ஊர் இது. வில்லியனூர்ச் சுடுமண் சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றவை. அக்கலையில் தேர்ந்த வி.கே. முனுசாமி அவர்களுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. மிதிபடும் மண்ணும் உழைப்பவன் கையில் கலையாகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கல்விக்குக் கொடுத்த மூன்று ஊர்கள்

பாகூரின் புகழுக்குச் சான்று ஐந்து செப்பேடுகள். 1879-இல் வெளிப்பட்ட இவை, ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. இவற்றில் வடமொழியும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. மன்னன் எதற்காகத் தானம் செய்தான்? போர் வெற்றிக்காகவன்று, அரண்மனைக்காகவன்று. வாகூரில் இயங்கிய வித்தியாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்காக! அங்கே கற்றோர் தங்கிப் பயிற்றுவிக்கும் பொருட்டு மூன்று ஊர்களின் வருவாயை அவன் வழங்கினான். இவ்வூர் மூலநாதர் கோயில் சோழர் காலக் கற்றளி. அதன் கல்வெட்டுகளில் சோழ மன்னரோடு இராட்டிரகூட மன்னன் கன்னரதேவனின் பெயரும் காணப்படுகிறது.

கேட்காமல் கைமாறிய மண்

1749-இல் சந்தா சாகிபின் ஆதரவுக்கு விலையாக வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. 1752-இல் பாகூர் வெளியில் ஸ்டிரிஞ்சர் லாரன்சின் ஆங்கிலப் படை பிரெஞ்சுப் படையை முறியடித்தது. 1783-ஆம் ஆண்டு வெர்சேல்ஸ் உடன்படிக்கை, புதுவையைச் சூழ்ந்த நிலமாக இவ்விரு பகுதிகளையும் பெயர் குறித்துப் பிரான்சுக்கு அளித்தது. ஏர் பிடித்த குடியானவனை இவற்றுள் எவரும் ஒரு சொல் கேட்டதில்லை.

மக்கள் பிரதிநிதிகளைக் கேட்கும் நாள் 1954-ஆம் ஆண்டு அக்டோபர் 18 அன்று வந்தது. வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஏற்றனர், எண்மர் மறுத்தனர். நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-இல் அது சட்டப்படி நிறைவுற்றது. கீழூர் நினைவிடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டாத பெற்றோர் பாடநூலின் ஒரு பக்கத்தைக் கிழித்தவர் போலாவர்.

ஏரி யாருடையது?

பாகூர் ஏரி புதுவைப் பகுதியின் இரண்டாவது பெரிய ஏரி. முதலாவதாகிய ஊசுட்டேரி 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பெண்ணையாற்று நீரைப் பாகூருக்குக் கொணரும் பங்காரு வாய்க்காலை, பங்காரி, சிங்காரி என்னும் இரு நடன மாதர் வெட்டுவித்தனர் என்பது செவிவழிச் செய்தி. உலகம் இழிவாக எண்ணிய பெண்களின் கொடை ஊருக்கெல்லாம் சோறிட்டது என்பதை நம் முன்னோர் மறவாமல் சொல்லி வந்தனர்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, மேற்சொன்னவற்றுள் ஆலயங்களைக் காக்க ஆள் உண்டு. செப்பேட்டைக் காக்க அறிஞர் உண்டு. ஏரியையும் வாய்க்காலையும் காப்பவர் யார்? வயல்கள் மனைகளாகின்றன, வாய்க்கால்களில் குப்பை குவிகிறது. திருக்குளத்து நீரைப் பக்தியோடு நெற்றியில் தொட்டுக்கொள்ளும் கை, வீட்டுக் கழிவை வாய்க்காலில் கொட்டலாமா? தண்ணீரைப் படைத்தவர் ஒருவரே அன்றோ?

விடுமுறை நாள் ஒன்றில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். காலையில் மாதா ஆலயமும் திருக்காமீசுவரர் கோயிலும், பின் சங்கராபரணி ஆற்றங்கரையில் திருக்காஞ்சியும், கீழூர் நினைவிடமும் கண்டு, பொழுது சாயப் பாகூர் ஏரிக்கரையை அடையலாம். மழைக்காலத்துக்கு முன் வாய்க்கால் தூர்வார ஊரார் கூடும்போது பங்கு இளைஞர் முதலில் மண்வெட்டி எடுக்கட்டும். அருகில் நிற்பவர் எச்சமயத்தார் என்று கேட்க வேண்டா. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இம்மண்ணின் விளைச்சல் பிள்ளைகளின் கல்விக்கு உதவியது. இனிவரும் பிள்ளைகளுக்கு விளைச்சலே இல்லாமற் செய்த தலைமுறை என்னும் பெயர் நமக்கு வாராதிருக்கட்டும்.