மூடுபனிக்குள் தொலையும் விடுமுறை

தில்லியின் குளிர்கால லீவு காலண்டரில் இருக்கிறது. தமிழ்க் குடும்பங்களின் கையில்தான் சிக்க மாட்டேன் என்கிறது.

தில்லியில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழர்களுக்கு வருடா வருடம் உதைக்கும் கணக்கு ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் அரையாண்டுத் தேர்வு முடிந்து டிசம்பர் கடைசி வாரத்தில் பள்ளிகளுக்கு லீவு விடுவார்கள். புத்தாண்டு பிறந்த கையோடு மறுபடி திறந்துவிடும். தில்லி அரசுப் பள்ளிகளின் குளிர்கால விடுமுறையோ வழக்கமாக ஆரம்பிப்பதே ஜனவரி 1ஆம் தேதி. 15ஆம் தேதி வாக்கில் அது முடிகிறபோது அங்கே பொங்கல் லீவு தொடங்கியிருக்கும். திருச்சியில் இருக்கிற அத்தை பிள்ளையும் தில்லியில் இருக்கிற மாமா பிள்ளையும் ஒரு வாரமாவது ஒரே வீட்டில் கூடி விளையாட வேண்டுமென்றால், யாராவது ஒருவர் பள்ளிக்கு மட்டம் போட்டாக வேண்டும்.

பெரியவர்கள் பாடும் பெரிய வித்தியாசமில்லை. தில்லியின் மத்திய அரசு அலுவலகங்களில் பொங்கல் எல்லோருக்குமான விடுமுறை அல்ல. விருப்ப விடுமுறைப் பட்டியலில்தான் அதற்கு இடம். அந்தப் பட்டியலிலிருந்து ஓர் ஊழியர் வருடத்துக்கு இரண்டு நாட்கள் எடுத்துக்கொள்ளலாம். போகிக்கும் மாட்டுப் பொங்கலுக்கும் ஊரில் இருக்க ஆசைப்படுகிறவர் தன் சொந்த விடுப்பில்தான் கை வைக்க வேண்டும். வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. சிபிஎஸ்இ செய்முறைத் தேர்வுகள் ஜனவரியிலேயே ஆரம்பித்துவிடுகின்றன.

இருந்தும் ஜனவரி முதல் வாரத்தை நம்பி டிக்கெட் எடுக்கிறவர்கள் எடுக்கத்தான் செய்கிறார்கள். அப்படி எடுத்தவர்கள் 2023-24 குளிர்காலத்தை லேசில் மறக்க மாட்டார்கள். அப்போது ரயில் முன்பதிவு 120 நாட்களுக்கு முன்பே தொடங்கும் என்பதால், செப்டம்பரிலேயே பலர் ஜனவரிக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். நவம்பரில் தில்லியின் காற்று சுவாசிக்க முடியாத அளவுக்குக் கெட்டது. குளிர்கால விடுமுறையின் ஒரு பகுதியை முன்னாலேயே இழுத்து, நவம்பர் 9 முதல் 18 வரை பள்ளிகளை மூடியது தில்லி அரசு. குளிருக்காக வைத்திருந்த லீவைப் புகை சாப்பிட்டுவிட்டது. ஜனவரிக்கு மிஞ்சியது 1 முதல் 6 வரை, ஆறே நாட்கள். சென்னைக்குப் போக 33 மணி நேரம், வர 33 மணி நேரம் போனால் பாட்டி வீட்டுக்கு மிச்சம் மூன்று நாட்கள். பலர் டிக்கெட்டை ரத்து செய்தார்கள். மூன்றடுக்கு ஏசி வகுப்பில் ஆளுக்கு 180 ரூபாயும் அதற்கு மேல் வரியும் அப்போது பிடித்துக்கொள்ளப்பட்டன.

கதை அதோடு முடியவில்லை. ஜனவரி 6ஆம் தேதி, கடுங்குளிரை முன்னிட்டு விடுமுறை 10ஆம் தேதி வரை நீட்டிக்கப்படுவதாக ஓர் உத்தரவு வந்தது. சில மணி நேரத்திலேயே அது வாபஸ் ஆனது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஐந்தாம் வகுப்பு வரை 12ஆம் தேதி வரைக்கும் லீவு என்று புது அறிவிப்பு வந்தது. ரத்து செய்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

லீவு கிடைத்து, டிக்கெட்டும் கிடைத்தவர்களுக்கு அடுத்த வில்லன் மூடுபனி. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் காற்றுச் சுழற்சிகள் குளிர்காலத்தில் வடக்கே மழையைத் தூறிவிட்டுப் போகின்றன. தரையில் ஈரம், மேகமில்லாத இரவு, அசையாத காற்று, இந்த மூன்றும் கூடினால் தரை வேகமாகச் சூட்டை இழக்கிறது. அதை ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து சின்னஞ்சிறு நீர்த்துளிகளாகி அங்கேயே நின்றுவிடுகிறது. துளிகள் ஒட்டிக்கொள்ளத் தூசியும் புகையும் வேண்டும். அதற்கு இந்தச் சமவெளியில் பஞ்சமே இல்லை. 200 மீட்டருக்கு அப்பால் கண் தெரியவில்லை என்றால் அடர்ந்த மூடுபனி, 50 மீட்டருக்கும் கீழே போனால் மிக அடர்ந்த மூடுபனி என்பது வானிலைத் துறையின் அளவுகோல். பஞ்சாபிலிருந்து வங்காளம் வரை ஒரே வெள்ளைப் போர்வையாக இது சில சமயம் நாட்கணக்கில் படுத்திருக்கும்.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் ஓடிவரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஜான்சி வரை அனேகமாக நேரத்துக்கு வந்துவிடும். மிச்சமுள்ள 400 கிலோமீட்டரில்தான் அதன் பரிதாபம் தொடங்குகிறது. குவாலியர், ஆக்ரா, மதுரா என்று ஒவ்வொரு சிக்னலாகத் தேடித் தேடி ஊர்ந்து வருகிறது. அப்படித் தாமதமாக வந்து சேரும் பெட்டிகளையே கழுவித் துடைத்துத் திருப்பி அனுப்ப வேண்டியிருப்பதால், அன்றிரவு தெற்கே கிளம்பும் வண்டிக்கும் பல நாட்களில் அதே கதிதான். தாமதத்தை ரயில்வே ஒரேயடியாகச் சொல்லிவிடுவதுமில்லை. முதலில் ஒரு மணி நேரம் என்பார்கள், பிறகு இரண்டு, அதற்குப் பிறகு நாலு. வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், அது கிளம்புவதற்குள் விண்ணப்பித்து முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் புது தில்லி ஸ்டேஷன் நடைமேடையில் பெட்டி மேல் குழந்தையைப் படுக்கவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்குப் பணமா முக்கியம்? இதை விட்டால் அடுத்த வண்டியில் இடம் கிடையாது.

கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அந்த வண்டிக்காக இருட்டில் நடக்கிறவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சிக்னல் கண்ணுக்குத் தெரியாத இரவுகளில் அதற்குச் சுமார் 270 மீட்டர் முன்னால் தண்டவாளத்தின் மேல் பட்டாசு போன்ற வெடிவில்லைகளைக் கட்டிவைப்பார்கள் ரயில்வே தொழிலாளர்கள். சக்கரம் ஏறியதும் அது வெடிக்கும். சிக்னல் வருகிறது என்று ஓட்டுநர் தெரிந்துகொள்வார். இப்போது எஞ்சினுக்குள்ளேயே செயற்கைக்கோள் உதவியுடன் அடுத்த சிக்னலைச் சொல்லும் கருவி வந்துவிட்டது. அது இருந்தால் 60க்குப் பதில் 75 கிலோமீட்டர் வேகம் வரை போகலாம். இருந்தாலும் வெடிவில்லைகளுக்கு முழு ஓய்வு கொடுத்துவிடவில்லை. மூன்று நாலு டிகிரி குளிரில் தடத்தோரம் அவற்றோடு நிற்கிறவருக்குப் பள்ளிப் பிள்ளைகளின் லீவெல்லாம் ஒரு கணக்கே அல்ல.

பணம் படைத்தவர்களுக்கு விமானம் இருக்கிறதே என்றால், அங்கும் நிம்மதி இல்லை. 50 மீட்டர் தூரம் தெரிந்தாலே இறங்கக்கூடிய சாதனம் தில்லி விமான நிலையத்தில் உண்டு. ஆனால் விமானமும் விமானியும் அதற்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும். 2024 ஜனவரி மத்தியில் கோவாவிலிருந்து தில்லிக்குக் கிளம்பிய ஒரு விமானம் மும்பைக்குத் திருப்பி விடப்பட்டது. அலுத்துப்போன பயணிகள் விமானத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டதை நாடே பார்த்தது. விமான நிறுவனத்துக்கும் விமான நிலையத்துக்கும் அபராதம் விதிக்கப்பட்டது.

சரி, நாம் போக வேண்டாம், தாத்தா பாட்டியை இங்கே வரவழைப்போம் என்று முடிவு செய்யும் வீடுகளும் இருக்கின்றன. அதில் இருக்கும் அவஸ்தை வேறு ரகம். தில்லியின் வீடுகள் வெயிலை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. சில்லென்ற தரை, உயரமான கூரை, இடுக்குள்ள ஜன்னல் எல்லாம் மே மாதத்தில் வரம், ஜனவரியில் சாபம். 2019 டிசம்பர் 30ஆம் தேதி சஃப்தர்ஜங்கில் பகலின் அதிகபட்ச வெப்பமே 9.4 டிகிரிதான். 2021 புத்தாண்டு காலையில் அங்கே குறைந்தபட்சம் 1.1 டிகிரி.

முதல் சண்டை சமையலறையில். இட்லி மாவு பொங்காது. ராத்திரி அரைத்து வைத்தது மறுநாள் மத்தியானம்கூட அரைத்தபடியே இருக்கும். பாத்திரத்தை ரஜாய்க்குள் சுருட்டி வைப்பது, ஹீட்டர் ஓடும் அறையில் வைப்பது, விளக்கைப் போட்டு அவனுக்குள் வைப்பது என்று தில்லி மருமகள்கள் ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். தயிரும் உறையாது. உறையக்கூடாத தேங்காய் எண்ணெய் மட்டும் பாட்டிலில் கல்லாகிக் கிடக்கும். துவைத்த வேட்டி மூன்று நாளானாலும் காயாது.

அடுத்த சண்டை விடியற்காலையில். மார்கழி மாதம். ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்கு அதிகாலைப் பூஜைக்குப் போக வேண்டும் என்பாள் பாட்டி. பத்தடி தெரியாத பனியில் வண்டியை எடுக்க மாட்டேன் என்பார் மகன். நெஞ்சுவலி, ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த நேரத்தில் வெளியே போகக்கூடாது என்று டாக்டர்கள் சொல்வதைத் துணைக்கு இழுப்பார். வந்த நாளிலிருந்து நாலு சுவருக்குள் மங்கி குல்லாயோடு உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கு இந்த டாக்டர் பேச்சைக் கேட்டாலே எரிச்சல்.

பன்னிரண்டு மணி வாக்கில் வெயில் தலைகாட்டினால் மட்டும் வீடு மாறுகிறது. எல்லோரும் மொட்டை மாடிக்குப் போகிறார்கள். வேர்க்கடலை, ஆரஞ்சு, எள்ளும் வெல்லமும் சேர்த்த கஜக். பேரன் தாத்தாவின் முதுகில் சாய்ந்துகொண்டு காமிக்ஸ் படிக்கிறான். மூன்றரை மணிக்கு மறுபடி குளிர் ஏறும்வரை யாருக்கும் யார் மேலும் கோபமில்லை. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கொடுப்பினையும் இல்லை.

இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சில குடும்பங்கள் ஜனவரியையே கைகழுவிவிட்டு மே மாதத்துக்கு மாறிவிட்டன. அப்போதுதான் தில்லியின் கோடை விடுமுறையும் தமிழ்நாட்டின் கோடை விடுமுறையும் சில வாரமாவது ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. வெயில் கொளுத்தும், மாங்காய் இருக்கும், வண்டியும் அனேகமாக நேரத்துக்கு வரும். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாட்களாகச் சுருங்கிவிட்டதால் செப்டம்பரிலேயே ஜனவரியைக் கணிக்கும் தொல்லையும் போயிற்று. மே 15ஆம் தேதி வண்டிக்கு மார்ச் 16ஆம் தேதி காலை 8 மணிக்கு உட்கார்ந்தால் போதும்.