பெட்டிக்குள் இருக்கும் பழைய வெள்ளி

மாத்தளை மாவட்டத்துத் தோட்டக் குடும்பங்கள் சிலவற்றில், பாட்டியின் தண்டையோ காப்போ வெள்ளிக்காசு கோத்த மாலையோ துணியில் முடிந்து வைக்கப்பட்டிருப்பதுண்டு. அவசரத் தேவை வந்ததும் அதனை விற்கச் செல்கிறோம். “பழைய வெள்ளிதானே!” என்று சொல்லிக் கொடுக்கும் விலையை வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். நகையோ உருக்கப்பட்டு விடுகிறது.

அந்த வெள்ளி எவ்வாறு சேர்ந்தது என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழகத் தொழிலாளர் பலர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து, கால்நடையாகவே மாத்தளையை அடைந்தனர். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் அநேகர். மாத்தளைக்குப் புகையிரதம் வந்ததே 1880இல்தான். வங்கியை அறியாத அம்மக்களுக்கு நகையே சேமிப்பு. கலியாணத்திற்கும் மருந்துச் செலவிற்கும் அடகுக்குச் சென்று மீண்டதும் அதுவே.

மெக்ஸிகோ நாட்டின் டாஸ்கோ நகரம் வெள்ளி வேலைக்குப் பேர்பெற்றது. அங்குச் செய்த பழைய நகைகளை வாங்குவோர் முதலில் முத்திரையையே தேடுவர். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்பதைக் குறிக்கும் எண், பட்டறையின் அடையாளம், 1948 முதல் வழங்கிய கழுகு முத்திரை ஆகியவை அவர்களுக்குச் சான்று. நம் பாட்டிமாரின் நகைகளில் பெரும்பாலும் இத்தகைய முத்திரை இராது. ஆயினும் காசு கோத்த நகையில் ஒவ்வொரு காசும் ஒரு முத்திரையன்றோ?

இலங்கையில் அக்காலத்தில் இந்திய வெள்ளி ரூபாயே புழங்கிற்று. 1835 முதல் 1939 வரை அடித்த ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் வெள்ளி நூற்றுக்கு 91.7 பங்கு. ஆகவே விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த பத்து ரூபாய்கள் கோத்த மாலையில், தேய்மானம் நீங்கலாக, ஏறக்குறைய 107 கிராம் தூய வெள்ளி உண்டு. 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் வெள்ளி பாதியே. இலங்கையின் ஐம்பது சதக் காசும் அவ்வாறே மாறியது: 1917 வரை நூற்றுக்கு 80 பங்கு; 1919 முதல் 1942 வரை 55 பங்கு. எனவே ஆண்டைப் படியாமல் விலை பேசலாகாது.

ஆண்டு மற்றொன்றையும் கூறும். மாலையிலுள்ள காசுகளுள் மிகப் பிந்திய ஆண்டு எதுவோ, அதற்கு முன் அம்மாலை இன்றைய வடிவிற் கோக்கப்பட்டிருக்க இயலாது.

காசில்லாத தண்டையையும் காப்பையும் மாணவர்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். முதலில் நகையை நிறுத்துக்கொள்க. பின்பு விளிம்பு வரை நிரப்பாமல் நீர் ஊற்றிய குவளையைத் தராசில் வைத்து, முள்ளைச் சுழியத்திற்குக் கொணர்க. நகையை நூலிற் கட்டி, அடியில் தொடாதவாறு நீரில் முழுதும் அமிழ்த்துக. அப்போது தராசு காட்டும் எண்ணால் நகையின் எடையை வகுத்தால், நல்ல வெள்ளிக்கு 10.3 அளவில் விடை வரும். வெள்ளியே கலவாத ‘ஜேர்மன் வெள்ளி’யும் பித்தளையும் எட்டரையை ஒட்டி நிற்கும். உள்ளே கூடாக இருக்கும் நகைக்கும் அரக்கு நிரப்பிய நகைக்கும் இச்சோதனை பொருந்தாது. அவற்றைப் பொற்கொல்லரே உரைத்துப் பார்க்க வேண்டும்.

கறுத்திருப்பதைக் கண்டு அமிலத்திலிட்டுத் துலக்க வேண்டாம். அக்கறுப்பு, காற்றிலுள்ள கந்தகச் சேர்க்கையால் மேலே படிவது. துலக்குந்தோறும் வேலைப்பாடு தேயும். வளையம் பற்றவைத்த காசைத் தனியே கழற்றுவதாலும் பயனில்லை. காசு சேகரிப்போர் அதனைக் குறைபாடுள்ளதாகவே கொள்வர். முழு மாலையாக இருக்கும்போதே அதற்குச் சிறப்பு.

வறுமை வந்தபோது நகையை விற்பது குற்றமன்று. அதற்காகவே அந்த மூதாட்டி சேர்த்தாள். ஆனால் விற்குமுன் எடையையும் ஆண்டுகளையும், அணிந்தவள் பெயரையும், அவள் எந்தத் தோட்டத்தில் உழைத்தாள் என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி, ஒரு படமும் எடுத்து வையுங்கள். கடையில் ஏமாறாதிருக்க அது உதவும். நகை கைமாறிய பின்னும் அவள் வரலாறு குடும்பத்தில் நிற்கும்.