நிறுத்த வேண்டிய மாத்திரை எது? வீடு திரும்பும் முன் செவிலியரிடம் கேட்டறிய வேண்டியவை

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாள் மகிழ்ச்சிக்குரியது. அதே அளவு அவசரமானதும்கூட. மகன் பில் கட்டும் இடத்தில் நிற்பார். மற்றொருவர் மருந்தகத்தில் காத்திருப்பார். வாசலில் வண்டி வந்து நிற்கும். நாளை முதல் மாத்திரை எடுத்துக் கொடுக்கப்போகும் மனைவியோ மருமகளோ பெரும்பாலும் அன்று வார்டில் இருப்பதில்லை. யாருக்குத் தெரிய வேண்டுமோ, அவர் இல்லாத நேரத்திலேயே எல்லாம் சொல்லி முடிக்கப்பட்டுவிடுகிறது.

இதன் விளைவை எங்கள் பிரிவிலேயே கண்டோம். இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு சென்ற முதியவர் ஒருவர், ஒரு வாரத்திற்குள் குளியலறையில் மயங்கி விழுந்து மீண்டும் கொண்டுவரப்பட்டார். நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 40-க்கும் கீழே இருந்தது. நாங்கள் புதிதாக எழுதியிருந்தது மெட்டோபுரோலால். இரத்த அழுத்தத்திற்காக அவர் முன்பே உட்கொண்டுவந்தது அட்டெனலால். பெயர்கள் வேறு, இரண்டும் இதயத் துடிப்பைக் குறைக்கும் ஒரே வகை மருந்துகள். புதியதைத் தொடங்கச் சொன்ன எங்கள் குறிப்பில் பழையதை நிறுத்தச் சொல்லும் வரி இல்லை. அவர் இரண்டையும் ஒரு வேளைகூடத் தவறாமல் உட்கொண்டிருக்கிறார்.

இரவுப் பணியிலிருந்த செவிலியர், அவருடைய மஞ்சள் பையில் பழைய மாத்திரை அட்டையைப் பார்த்திருந்தார்; காலையில் பணி மாறும்போது அடுத்த செவிலியரிடம் சொல்லியும் இருந்தார். அச்செய்தி டிஸ்சார்ஜ் சம்மரி எழுதிய மருத்துவரை வந்தடையவில்லை. மருந்துகளை நிறுத்திக் கண்காணித்ததில் துடிப்பு சீரடைந்தது. செவிலியரிடம் கேட்காமல் எழுதியது எங்கள் பிழை.

மருத்துவர்களாகிய நாங்கள் நோயாளரை ஒரு நாளில் சில நிமிடங்களே பார்க்கிறோம். அவருக்குக் கண் பார்வை மங்கல், சிறிய எழுத்தைப் படிக்க இயலாது. வீட்டில் யார் சமைக்கிறார். ஊறுகாய் இன்றிச் சோறு இறங்காது. மூட்டுவலிக்குக் கடையில் தாமே மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் உண்டு. இவற்றையெல்லாம் அறிந்தவர் செவிலியர். ஸ்கேன் அறிக்கை எதிலும் இவை இரா. ஆனால் இதய நோயாளர் மீண்டும் சேர்க்கப்படுவதும் படாததும் பல நேரங்களில் இவற்றைப் பொறுத்தே அமைகிறது. டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கிவிடும் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

எனவே இப்போது டிஸ்சார்ஜ் சம்மரியை முடிப்பதற்கு முன் வார்டுச் செவிலியருடன் அமர்ந்து மருந்துப் பட்டியலை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறோம். தொடர வேண்டியவை, அளவு மாறியவை, புதியவை, நிறுத்த வேண்டியவை என்று பிரித்துத் தமிழில் ஒரு தாள் தருகிறோம். கடைசிப் பகுதியைத்தான் முதலில் படியுங்கள் என்போம். இதற்கு உங்கள் உதவியும் தேவை. வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும், சித்த மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். மாத்திரை கொடுக்கப்போகிறவர் அன்று கட்டாயம் உடனிருக்கட்டும். அவர் வரும்வரை காத்திருப்பதில் எங்களுக்கு வருத்தமில்லை. சொன்னவற்றைத் திருப்பிச் சொல்லுமாறு செவிலியர் கேட்பார். அதைத் தேர்வு என்று எண்ண வேண்டாம். நீங்கள் தவறாகச் சொன்னால் நாங்கள் சரியாக விளக்கவில்லை என்றே பொருள்.

அந்தத் தாள் பீரோவில் பத்திரமாக இருந்தால் மட்டும் போதாது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக, இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகள் பலருக்கும் வீட்டிற்கே வந்து சேருகின்றன. இது பெரும் உதவி. ஆனால் நாங்கள் இங்கே ஒரு மாத்திரையை நிறுத்தியது அங்கே தெரியாவிட்டால், பழையதே மீண்டும் வந்துசேரும். எனவே வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே, அத்தாளின் நகலை மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரிடமோ கொடுங்கள். முடிவு வராத பரிசோதனைகள் இருந்தால் அவையும் அதில் எழுதப்பட்டிருக்கும்.

இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் நாள்தோறும் காலையில் சிறுநீர் கழித்தபின், உணவிற்கு முன் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். மூன்று நாள்களில் 2 கிலோவுக்கு மேல் கூடினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டித் தலையணை கூடுதலாகத் தேவைப்பட்டாலோ, அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்க வேண்டாம். உடனே எங்களைத் தொடர்புகொள்ளுங்கள். மயக்கம், மார்புவலி, அமர்ந்திருக்கும்போதே கடும் மூச்சுத்திணறல் ஆகியவற்றுக்கு 108-ஐ அழையுங்கள்.

வீடு திரும்பிய மூன்றாம் நாள் எங்கள் செவிலியர் உங்களைத் தொலைபேசியில் அழைப்பார். அப்போது மாத்திரைப் பையையும் எடை குறித்த தாளையும் அருகில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.