குட்டையில் புகுந்த விராலைப் பிடிக்க ரீல் தூண்டில்
நரம்பு, முள், ஈயம் தேர்ந்தெடுக்கும் முறை

பண்ணைக் குட்டையில் கட்லா, ரோகு குஞ்சு விட்ட விவசாயிகள் பலர், அறுவடையின்போது விட்டதில் பாதிகூடத் தேறவில்லையே என்று வருந்துவது உண்டு. குஞ்சுகளைக் கொக்கும் நீர்க்காகமும் தின்பது போக, பெரும் பங்கை விழுங்கிவிடுவது விரால் மீன்தான். காற்றைச் சுவாசிக்கக்கூடிய இம்மீன் மழைக்காலத்தில் வரப்பு, வாய்க்கால் வழியாகவும், ஈரப் புல்லின் மேல் நெளிந்தும் குட்டைக்கு வந்து சேரும்.

குட்டையை வற்றவைத்து, அடிமண் வெடிக்கும் வரை காயப்போட்டபின் குஞ்சு விடுவதே முதல் வழி. வற்றவைக்க முடியாதவர்கள் இலுப்பைப் பிண்ணாக்கு இடுவார்கள். 1 மீட்டர் ஆழ நீருள்ள குட்டைக்கு எக்டருக்கு 2,500 கிலோ வீதம் வேண்டும். 5 சென்ட் குட்டைக்கு இது ஏறக்குறைய 50 கிலோ ஆகும். ஆனால், அது மற்ற மீன்களையும் கொன்றுவிடும். குஞ்சு விட்டபின் இட இயலாது. வலை போட்டாலோ விரால் சேற்றில் பதுங்கி, வலையின் அடிக்கயிற்றுக்குக் கீழே தப்பிவிடும். இந்த நிலையில் கைகொடுப்பது ரீல் தூண்டில். கட்லா, ரோகு போன்ற கெண்டைகள் பெரும்பாலும் போலி இரையைக் கவ்வுவதில்லை. விரால் பாய்ந்து கவ்வும். குட்டை காப்பாற்றப்படுவதோடு நல்ல விலைக்குப் போகும் மீனும் கிடைக்கும்.

ராடு, ரீல் வாங்குவதில் காட்டும் அக்கறையைப் பலர் நரம்பின் முனையில் கட்டும் சாமான்களில் காட்டுவதில்லை. மீன் தப்புவது பெரும்பாலும் அங்கேதான்.

நரம்பு

விராலுக்கு 0.35 மி.மீ. தடிப்புள்ள தங்கூஸ் நரம்பு போதும். தாமரை, ஆகாயத் தாமரை, வேலம்முள் நிறைந்த குட்டையானால் 0.40 மி.மீ. நல்லது. இதைவிடத் தடித்தால் இரை தூரம் போகாது. தங்கூஸ் வெயிலில் கிடந்தால் வலுவிழக்கும். ஆகவே ரீலை வீட்டினுள் நிழலில் வைக்கவும். ஒவ்வொரு முறையும் முனையிலிருந்து ஒரு மீட்டர் வரை விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பு தென்பட்டால் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக முடிய வேண்டும்.

விராலின் பல் சிறியதானாலும் கூர்மையானது. எனவே, ஸ்பின்னர் கட்டும்போது முனையில் 30 முதல் 45 செ.மீ. நீளத்துக்கு 0.45 அல்லது 0.50 மி.மீ. நரம்பை இணைத்துக்கொள்ளலாம். கம்பி வேண்டியதில்லை.

ஸ்விவல்

இரு பக்கமும் வளையமுள்ள சிறு பித்தளைச் சாமான் ஸ்விவல். ஒரு வளையம் சுழன்றாலும் மற்றது சுழலாது. தகடு சுற்றும் ஸ்பின்னரைக் கட்டும்போது இது மிக அவசியம். இல்லாவிட்டால் நரம்பு முறுக்கேறிச் சிக்கலாகும். மெல்லிய நரம்பையும் தடித்த நரம்பையும் இணைக்கவும் இதுவே உதவும். ரப்பர் தவளைக்கு ஸ்விவல் கூடாது. அதன் எடையில் தவளையின் மூக்கு நீரில் அமிழ்ந்துவிடும். தவளையை நேராக நரம்பிலேயே கட்ட வேண்டும்.

முள்

முள்ளின் எண்ணைப் பார்த்து வாங்குவதில் பலருக்குக் குழப்பம் உண்டு. 10, 8, 6, 4, 2 என எண் குறையக் குறைய முள் பெரிதாகும். 1-க்குப் பிறகு 1/0, 2/0, 3/0 என எண் கூடக் கூடப் பெரிதாகும். விராலுக்கு 1/0 முதல் 3/0 வரை ஏற்றது. நுனியைக் கட்டைவிரல் நகத்தில் இலேசாக இழுத்துப் பார்க்கவும். வழுக்கினால் மழுங்கியது, நகத்தில் பதிந்து நின்றால் கூரானது. மழுங்கிய முள்ளைச் சிறு அரத்தால் தீட்டிக்கொள்ளலாம். துருப்பிடித்ததை விட்டுவிட வேண்டும்.

இரை

பாசியும் இலையும் படர்ந்த இடத்துக்கு 10 முதல் 15 கிராம் எடையுள்ள ரப்பர் தவளை சிறந்தது. அதன் இரட்டை முள் உடலோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் செடியில் மாட்டாது; விரால் கவ்வி அழுத்தும்போதுதான் முள் வெளிப்படும். ஆகவே நீர் தெறித்தவுடன் இழுக்காமல், ஓரிரு விநாடி பொறுத்து நரம்பு இறுகியபின் இழுக்க வேண்டும். திறந்த நீர்ப்பரப்பில் 7 முதல் 12 கிராம் ஸ்பின்னர் போதும்.

வயலிலுள்ள உயிர்த் தவளையைப் பிடித்து முள்ளில் குத்துவது நமக்கே நட்டம். நெற்பயிரைத் தாக்கும் பூச்சிகளைத் தின்று நமக்குக் கூலி வாங்காமல் உழைப்பது அது. தவளைக்கால் ஏற்றுமதியை இந்திய அரசு 1987-ல் தடை செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஈயம்

ரப்பர் தவளைக்கும் ஸ்பின்னருக்கும் தனி எடை வேண்டாம். மீன் துண்டை இரையாக வைக்கும்போது மட்டும் 5 முதல் 10 கிராம் எடை போதும். எடையை மெல்லிய நரம்பில் தனியே கட்டினால், அடியில் மாட்டும்போது எடை மட்டும் அறுந்து, முள்ளும் மீனும் மிஞ்சும். ஈயம் நஞ்சு. அதைப் பல்லால் கடித்து நசுக்கக் கூடாது. குட்டையில் விழுந்த ஈயத்தை வாத்து விழுங்கினால் செத்துப்போகும். அன்னப் பறவைகள் இவ்வாறு மடிந்ததால் இங்கிலாந்தில் சிறிய ஈயக்குண்டுகளின் விற்பனை 1987-ல் தடை செய்யப்பட்டது. பழைய இரும்பு நட்டு ஒன்றே நமக்குப் போதுமானது.

முடிச்சு

நரம்பை வளையத்தில் நுழைத்து, நீண்ட நரம்பின் மேல் 5 அல்லது 6 சுற்றுச் சுற்றி, முனையை வளையத்தை ஒட்டிய முதல் கண்ணியில் விட்டு, பின் உண்டாகும் பெரிய கண்ணியிலும் விட்டு இழுக்கவும். இறுக்குமுன் எச்சிலோ நீரோ தொட்டு நனைக்க வேண்டும். உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நரம்பு நலியும்.

ரீலின் பிரேக்கை, நரம்பு தாங்கும் எடையில் நாலில் ஒரு பங்குக்கு இளகும்படி வைக்கவும். 8 கிலோ தாங்கும் நரம்பானால் 2 கிலோ இழுப்பில் நரம்பு நழுவ வேண்டும். ஸ்பிரிங் தராசைக் கட்டி இழுத்துப் பார்த்தால் தெரியும்.

எச்சரிக்கை

கார்பன் ராடு மின்சாரம் கடத்தும். மின்கம்பி செல்லும் இடத்தின் கீழ் நின்று தூண்டில் வீசுவது உயிருக்கே ஆபத்து. வெட்டிய நரம்புத் துண்டை வரப்பில் போட வேண்டாம். கொக்கின் காலில் சுற்றும், மாடு புல்லோடு மேய்ந்துவிடும். பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கையில் முள் ஏறினால் மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசி போட்டுக்கொள்ளவும்.

பொது ஏரி, கண்மாயில் பிடிக்குமுன் குத்தகைதாரரின் அனுமதி பெற வேண்டும். அங்கே சிவந்த நிறக் குஞ்சுகள் பந்துபோல் திரண்டு மிதந்தால் கீழே தாய் மீன் காவல் இருக்கும். அதைப் பிடித்தால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும், விட்டுவிடுவதே முறை. ஆனால், கெண்டை வளர்க்கும் நம் குட்டையில் இதே காட்சி தெரிந்தால், குஞ்சுத் திரளைக் கைவலையால் வாரி எடுத்துவிட வேண்டும்.

தூண்டிலால் எல்லா விராலையும் ஒழிக்க இயலாது. பெரிய விரால்களை எடுத்துவிட்டு, நீர் நுழையும் வாய்மடையில் கம்பிவலை அடைத்து, 10 செ.மீ.-க்கு மேல் வளர்ந்த குஞ்சுகளை விட்டால் இழப்பு பெரிதும் குறையும். அடுத்த மழைக்குமுன் வாய்மடையைச் சரிபார்ப்பதை மட்டும் மறக்க வேண்டாம்.